சாத்துக்குடி பச்சையாகவே நிற்பது மரபணுக் குறையா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். குடியாத்தம் பக்கத்தில் கிணற்றடியில் வைத்த சாத்துக்குடி, ஏழாம் வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. தை கடைசியில் பூத்தது, இப்போது ஐப்பசி முடியப்போகிறது, காய் கைக்கு அடங்காத அளவு ஆகிவிட்டது, தோல் மட்டும் பச்சை. கடையில் நாக்பூர் ஆரஞ்சும் வெளிநாட்டு ஆரஞ்சும் தங்கமாக அடுக்கியிருக்கிறார்கள். கன்று விற்றவர் ஏமாற்றிவிட்டாரா, மரத்தில் நிறத்துக்கான ஜீன் இல்லையா, வெட்டிவிட்டு வேறு வைக்கலாமா, அதுவரை கல் போட்டுப் பழுக்க வைத்தால் என்ன என்று நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நாலுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: தோலில் நிறம் ஏறுவதும் உள்ளே சுளை பழுப்பதும் ஒரே வேலையா? இல்லை, இரண்டும் வேறு வேறு வேலைகள். ஒரே பழத்துக்குள் இருந்தாலும் ஒன்று மற்றதுக்காகக் காத்திருப்பதில்லை. மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

தோட்டக்கலை படித்துவிட்டு, எலுமிச்சைக் குடும்பத்துப் பழங்களில் எந்த மரபணு எந்த மாதத்தில் வேலை செய்கிறது என்று பார்க்கிற ஆய்வகத்தில் பதினோரு வருஷம் இருந்தேன். இப்போது காட்பாடியில் வாசம். வீட்டில் ஒரு சாத்துக்குடி, இரண்டு எலுமிச்சை. என் சாத்துக்குடியும் பச்சைதான். உங்கள் மரத்தை நான் நேரில் பார்க்கவில்லை, நீங்கள் போட்ட ஒரு போட்டோதான் கையில் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஜீன் இல்லையா என்ற சந்தேகம். கடையில் பார்க்கும் வெளிநாட்டு வாலென்சியா ஆரஞ்சும் உங்கள் சாத்துக்குடியும் ஒரே இனம். இரண்டும் 'இனிப்பு ஆரஞ்சு'. பம்ப்ளிமாஸும் மாண்டரினும் எப்போதோ கலந்து பிறந்த ஒரு கலப்பு மரம், அதிலிருந்து ஒட்டுக் கட்டிக் கட்டி வந்த வாரிசுகள்தான் உலகத்திலுள்ள இனிப்பு ஆரஞ்சு ரகங்கள் எல்லாம். கிளையில் அங்கங்கே நடந்த சின்னச் சின்ன மாற்றங்கள்தான் ரகத்துக்கு ரகம் வித்தியாசம். சீனாவின் ஹுவாஜோங் வேளாண் பல்கலைக்கழகத்தார் 2012 கடைசியில் வாலென்சியாவின் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டார்கள். ஒன்பது ஜோடி குரோமோசோம், 29,000-க்குச் சற்று மேல் மரபணு. ஆரஞ்சு நிறத்தைச் செய்யும் மரபணுக்கள் அதில் உண்டு, உங்கள் கிணற்றடி மரத்திலும் உண்டு. நாக்பூர் ஆரஞ்சு மாண்டரின் வகை, தோல் லேசாக உரிகிற வேறு சாதி. அதை உங்கள் மரத்தோடு ஒப்பிட்டது மல்கோவாவையும் பங்கனப்பள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததைவிடப் பெரிய தவறு.

மரபணு இருப்பது வேறு, அது வெளிப்படுவது வேறு. கல்யாண மண்டபத்துப் பாத்திர அறையை நினைத்துக்கொள்ளுங்கள். இட்லிக் கொப்பரை, வடைச் சட்டி, ஜல்லிக் கரண்டி எல்லாம் உள்ளே இருக்கும். அன்றைக்கு என்ன சமையலோ அதற்கு வேண்டியது மட்டும் வெளியே வரும். மரத்தின் ஒவ்வொரு செல்லிலும் முழுப் பாத்திர அறை இருக்கிறது. வேரிலும் ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு உண்டு, வேர் அதை எடுப்பதில்லை. எடுத்தால் அந்த மரபணுவின் நகலாக ஆர்.என்.ஏ. உருவாகும், அதைப் பார்த்து நொதி உருவாகும், நொதி நிறத்தையோ சர்க்கரையையோ செய்யும். மரபணு வெளிப்பாடு என்று நாங்கள் அளப்பது பெரும்பாலும் நடுவில் இருக்கிற அந்த ஆர்.என்.ஏ.வைத்தான். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். பூ உதிர்ந்து பத்து, பதினைந்து நாளில் பட்டாணி அளவில் இருக்கும் பிஞ்சைப் பிளேடால் குறுக்கே வெட்டி ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு அறை தெரியும். ஒவ்வொரு அறையின் வெளிச் சுவரிலிருந்து உள்நோக்கி மயிர் முளைத்த மாதிரி வெள்ளையாக நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். நாம் பல்லில் கடிக்கும்போது வெடிக்கிற சாறுப்பைகள் அவைதான். எனக்கு இந்த வேலையில் பிடித்த காட்சியே இதுதான். சாறு என்பது பழச் சுவரில் முளைத்த முடிக்குள் தேங்கிய தண்ணீர். முதல் ஒன்றரை, இரண்டு மாதம் பழத்தின் வேலை செல்லைப் பிளந்து எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும். செல் பிரிவுக்கான மரபணுக்கள்தான் அப்போது முன்னால் நிற்கும். கத்திரி வெயிலில் பிஞ்சு கொட்டுகிறதே, அதுவும் மரபணு வேலைதான். மரத்தால் எல்லாவற்றையும் தாங்க முடியாதபோது காம்பின் ஒரு வளையத்தில் செல் சுவரைக் கரைக்கும் நொதிகளின் மரபணுக்கள் விழித்துக்கொள்ளும், பிஞ்சு தானாகக் கழன்று விழும்.

அடுத்த நாலைந்து மாதம் வீங்கும் பருவம். எண்ணிக்கை கூடாது, ஒவ்வொரு செல்லும் தண்ணீரும் அமிலமும் இழுத்துக்கொண்டு ஊதும். இந்தச் சமயத்தில் பறித்துக் கடித்தால் பல் கூசும். செல்லுக்குள்ளே வாக்குவோல் என்று ஒரு பெரிய பை உண்டு, சிட்ரிக் அமிலம் அதில்தான் சேர்கிறது. எலுமிச்சை மாதிரி புளிப்பான பழங்களில் அந்தப் பையின் பி.எச். (அமில அளவுகோல்; ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடும்) இரண்டை ஒட்டி இருக்கும். பையைச் சுற்றியுள்ள செல் திரவம் ஏழை ஒட்டி இருக்கும். ஒரு மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லட்சம் மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசத்தை ஏற்படுத்துவது சவ்வில் உட்கார்ந்து அமிலத் துகள்களை உள்ளே தள்ளும் பம்புகள். பி.எச்.1, பி.எச்.5 என்று இரண்டு மரபணுக்கள் சேர்ந்து அந்தப் பம்பைக் கட்டுகின்றன என்பது 2019-இல் நன்றாகவே நிரூபணமாயிற்று. அதே ஆண்டு நோயெமி என்று இன்னொரு மரபணுவும் அடையாளம் காணப்பட்டது. அது மேஸ்திரி மாதிரி; மற்றவர்களை வேலைக்குக் கூப்பிடும் மரபணு. அது உடைந்த ரகங்களில் புளிப்பே வராது. வேடிக்கை என்னவென்றால் அதே மேஸ்திரிதான் லெமன் மரத்தின் கொழுந்திலும் மொட்டிலும் தெரியும் ஊதாச் சாயலுக்கும் பொறுப்பு. மேஸ்திரி இல்லையென்றால் புளிப்பும் போகும், ஊதாவும் போகும்.

ஐந்து, ஆறு மாதத்தில் அமிலம் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கத் தொடங்கும். பழம் பெரிதாகச் சாறு கூடி நீர்த்துப்போவது ஒரு காரணம், சேர்ந்த அமிலத்தைப் பழமே செலவழிப்பது இன்னொரு காரணம். வெயில் அதிகமென்றால் இந்த இறக்கம் வேகமாக நடக்கும். நம்ம ஊர்ச் சாத்துக்குடி சில சமயம் சப்பென்று இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து. சர்க்கரையோ இலையிலிருந்துதான் வரவேண்டும். சாறுப்பைக்குள் நரம்பு ஓடுவதில்லை. சுளையின் முதுகுவரை வந்த சர்க்கரை அதற்குப் பிறகு செல்லுக்குச் செல் கைமாற்றி மெதுவாகப் போகிறது. அதனால்தான் இந்தப் பழம் இவ்வளவு மாதம் எடுக்கிறது. பறித்த பிறகு இது இனிக்கப்போவதுமில்லை. மாங்காயைக் கொட்டி வைக்கோல் போட்டு மூடினால் உள்ளே மாவு சர்க்கரையாக மாறும். சாத்துக்குடியில் மாற்றுவதற்கு அப்படி மாவுச் சேமிப்பு கிடையாது. மரத்தில் எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான்.

இப்போது தோல். பச்சை போவதற்கும் மஞ்சள் வருவதற்கும் தனித்தனி மரபணுக் கூட்டங்கள் இருக்கின்றன. பச்சையத்தை உடைக்கும் நொதிகள் ஒரு கூட்டம். கரோட்டினாய்டு என்கிற மஞ்சள், ஆரஞ்சு நிறங்களைச் செய்யும் நொதிகள் இன்னொரு கூட்டம். இதில் முதல் வாசலில் நிற்பது ஃபைட்டோயீன் சிந்தேஸ் என்ற நொதி. பச்சைக் காயில் கரோட்டினாய்டு பாதை லூட்டீன் என்ற நிறப்பொருளின் பக்கம் கிளை பிரிந்து ஓடும். நிறம் மாறும் சமயத்தில் அந்தக் கிளைக்கான மரபணு அடங்கி, மறுகிளைக்கான மரபணு எழும்பும். வயலாசாந்தின் போன்ற மஞ்சள்கள் குவியும். நாக்பூர் ஆரஞ்சு மாதிரியான மாண்டரின்களில் அதற்கும் மேலே ஒரு படி உண்டு. சி.சி.டி.4 குடும்பத்து மரபணு ஒன்று கரோட்டினாய்டை நறுக்கி, பீட்டா சிட்ராரின் என்ற செம்மஞ்சள் நிறத்தைத் தோலில் கொண்டுவருகிறது. அந்தச் சிவப்பு கலந்த தோல்நிறத்தைச் சாத்துக்குடியிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தக் கூட்டங்களை எழுப்பும் மணி குளிர். இரவு வெப்பநிலை சுமார் 13 டிகிரிக்குக் கீழே சில வாரம் தொடர்ந்து இறங்கினால்தான் தோல் சுறுசுறுப்பாக நிறம் மாறும். நாக்பூரில் மார்கழி, தையில் அந்தக் குளிர் உண்டு. வேலூர்ச் சமவெளியில் மார்கழி இரவே 18-ஐ ஒட்டித்தான் நிற்கிறது, ஐப்பசியில் கேட்கவே வேண்டாம். கிணற்றடியில் கல் தொட்டி வேறு இருந்தால் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க மரத்துக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். இதே வாலென்சியாவை வெப்பமண்டலச் சமவெளியில் எங்கே நட்டாலும் பழுத்த பிறகும் பச்சையாகத்தான் நிற்கும். ஏலகிரியில் தெரிந்தவர் வீட்டுச் சாத்துக்குடி ஒன்றைத் தை மாதத்தில் பார்த்தேன். சுமார் 1,100 மீட்டர் உயரம். வெளிப்பக்கத்துப் பழங்கள் மஞ்சளாகவே இருந்தன. கன்று வாங்கியது கீழே சமவெளி நர்சரியில்.

இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமென்றால் சிசிலியின் ரத்த ஆரஞ்சு. சுளை திராட்சை நிறத்தில் இருக்கும். அதற்குக் காரணமான மரபணுவுக்கு ரூபி என்று பெயர். அதன் முன்னால் எங்கிருந்தோ தாவி வந்து ஒட்டிக்கொண்ட ஒரு டி.என்.ஏ. துண்டு இருக்கிறது, அந்தத் துண்டுக்குக் குளிர் பட்டால் ரூபி விழித்துக்கொள்கிறது. 2012-இல் இது விளக்கப்பட்டது. அந்தக் கன்றையே கொண்டுவந்து பள்ளிகொண்டாவில் நட்டால் சுளை சாதாரண மஞ்சளாகத்தான் இருக்கும். ஜீன் முழுசாக இருக்கும், அதை எழுப்பக் குளிர் இருக்காது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மஞ்சளான பழமே மறுபடி பச்சையாகும். வாலென்சியாவைக் கோடை வரைக்கும் பறிக்காமல் மரத்திலேயே விட்டால் காம்புப் பக்கத்திலிருந்து பச்சை திரும்ப ஏறும். செல்லுக்குள் மஞ்சள் நிறம் தாங்கிய கணிகங்கள் என்ற சின்னப் பைகள் மறுபடி பச்சையம் தாங்கும் பசுங்கணிகங்களாக மாறிவிடும். உள்ளே பழம் இன்னும் இனிப்பாகத்தான் இருக்கும். நிறத்தை வைத்துப் பழுத்ததைக் கணிக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே போதும். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் மூட்டையாக இறங்கும் ஆந்திரச் சாத்துக்குடியைப் பாருங்கள், பச்சையும் வெளிர்மஞ்சளும் கலந்துதான் இருக்கும். ஜூஸ் கடைக்காரர் யாரும் அதைக் காய் என்று திருப்பி அனுப்பியதில்லை.

இதுவரை சொன்னதில் குளிர், பச்சையம், அமிலப் பம்பு, ரூபி எல்லாம் உறுதியானவை. இனி வருவது அவ்வளவு உறுதியில்லை. பழங்களைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு பட்டால் சாத்துக்குடித் தோல் பச்சையை விடும். இது நூறு முறை பார்த்தது. ஆனால் இந்தப் பழம் மரத்தில் இருக்கும்போது தானாகச் செய்யும் எத்திலீன் மிகக் குறைவு. இயற்கையாக நிறம் மாறும்போது கடிவாளம் எத்திலீன் கையிலா, அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோனின் கையிலா, தோலில் சேரும் சர்க்கரையின் கையிலா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அப்சிசிக் அமிலம் குறைவாக உள்ள பினலாட்டே என்ற ஸ்பெயின் ஆரஞ்சில் பச்சை தாமதமாகத்தான் போகிறது, அதனால் நான் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வேன். பந்தயம் கட்டமாட்டேன்.

முன்னே சொன்ன ஓட்டைக்கு வருகிறேன். ஆர்.என்.ஏ. நிறைய இருந்தால் நொதி நிறைய இருக்கும் என்று கட்டாயமில்லை. நொதி இருந்தாலும் அதற்கு வேண்டிய மூலப்பொருள் இல்லாமல் சும்மா இருக்கலாம். தவிர, ஆர்.என்.ஏ. படுமோசமாகக் கெட்டுப்போகும் சரக்கு. ஆரஞ்சுத் தோலில் எண்ணெயும் பெக்டினும் வேறு அதிகம், பிரித்தெடுப்பதற்குள் கூழாகிவிடும். பழத்தைப் பறித்த இடத்திலேயே தோலைச் சீவித் திரவ நைட்ரஜனில் போட்டு, மைனஸ் 80 டிகிரிப் பெட்டியில் வைக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் எடுக்கவில்லை, யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தால் மூன்று பருவத்துத் தோல் மாதிரிகள் குழாயில் தண்ணீராக நின்றன. மனசு கேட்காமல், ஆர்.என்.ஏ. உடையாமல் இருக்கிறதா என்று ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன். பளிச்சென்று இரண்டு கோடு தெரிய வேண்டிய இடத்தில், ஈரக்கையால் துடைத்த சாக்பீஸ் மாதிரி ஒரு தீற்றல். பருவத்தைத் திரும்ப வாங்க முடியாதே. அந்தக் கட்டுரை வரவே இல்லை. ஆகவே 'இந்த மரபணுதான் காரணம்' என்று எங்காவது படித்தால், எத்தனை மரம், எத்தனை வருஷம், எந்த ஊர் என்று பாருங்கள். பெயர்பெற்ற ஆய்வுகளில் நிறைய சீனா, ஸ்பெயின், ஜப்பான், ஃபுளோரிடா மாதிரி குளிர்காலம் உள்ள இடத்துப் பழங்களை வைத்துச் செய்தவை. நம்ம பாலாற்றங்கரைக்கு அப்படியே பொருத்திப் பார்க்க எனக்குத் தயக்கம் உண்டு.

கல் போடுவது வேண்டவே வேண்டாம். கார்பைடு கல்லிலிருந்து வருவது அசிட்டிலீன், எத்திலீன் வேஷம் போடும் வாயு. கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கசடு வரும். உணவுப் பாதுகாப்பு விதிகளில் அதற்குத் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவுக்கு 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி உண்டு, பெரிய மண்டிகளில் அறை கட்டிச் செய்கிறார்கள். எதைச் செய்தாலும் தோல்தான் மஞ்சளாகும், சுளை பறித்தபோது இருந்தபடியே இருக்கும். அரிசி டப்பாவில் பழுத்த வாழைப்பழத்தோடு போட்டு வைத்தாலும் தோல் கொஞ்சம் வெளுக்கலாம். ஆனால் அதிகமானால் காம்புக் குமிழ் உதிர்ந்து அந்த இடத்திலிருந்து அழுகல் தொடங்கும். வீட்டில் சாப்பிடப்போகிற பழத்துக்கு எதற்கு இந்த வேலை?

மரத்தை வெட்டும் முன் இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். சாத்துக்குடியைப் பெரும்பாலும் ஜம்பேரி மாதிரியான வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுவார்கள். ஒட்டுக்குக் கீழிருந்து முள்ளோடு கிளம்பிய கிளை மேலேறி அதில் காய்த்திருந்தால் தோல் கரடுமுரடாக, சாறு புளிப்பாக இருக்கும். அந்தக் கிளையை அடியோடு அறுத்தால் போதும். இரண்டாவது, கிரீனிங் என்ற பாக்டீரியா நோய். இதில் காய் ஒருபக்கமாகக் கோணி இருக்கும், விதை சூம்பியிருக்கும், இலையில் நடுநரம்பின் இருபக்கமும் பொருந்தாத மஞ்சள் திட்டு தெரியும். சாதாரணமாக அடிப்பக்கத்திலிருந்து ஏற வேண்டிய நிறம் காம்புப் பக்கத்திலிருந்து ஏறும், அடி பச்சையாகவே நிற்கும். உங்கள் போட்டோவில் காய் உருண்டையாகத்தான் தெரிகிறது, இலை சரியாகத் தெரியவில்லை. சந்தேகமாக இருந்தால் இலைக்கொத்தும் இரண்டு காயும் எடுத்துக்கொண்டு விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள். அப்புறம், யூரியா தாராளமாகப் போடும் பழக்கம் இருந்தால் காய் முற்றும் காலத்தில் நிறுத்துங்கள், தழைச்சத்து அதிகமானால் தோல் இன்னும் பிடிவாதமாகப் பச்சையில் நிற்கும். பறிப்பதற்கு முந்தைய வாரங்களில் தண்ணீரையும் கொஞ்சம் குறையுங்கள், சாறு நீர்த்துப்போகாது.

பழுத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, மரத்தின் வெளிப்பக்கத்தில் ஒன்று, உள்நிழலில் ஒன்று, உச்சியில் ஒன்று என்று மூன்று பறியுங்கள். கரும்பச்சை மாறி வெளிர்பச்சை ஆகியிருக்கிறதா, தோலின் எண்ணெய்ப் புள்ளிகள் பரந்து வழவழப்பாக இருக்கிறதா, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிறதா பாருங்கள். பிறகு பிழிந்து பாதியை உடனே குடியுங்கள், பாதியை மூடி இரண்டு மணி நேரம் வையுங்கள். சாத்துக்குடிச் சாறு வைத்திருந்தால் கசக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழத்துக்குள் கசப்பில்லாத வடிவில் இருக்கும் ஒரு பொருள், பிழிந்ததும் அமிலத்தோடு கலந்து லிமோனின் என்ற கசப்பாக மாறுகிறது. காய் முற்ற முற்ற, அந்த மூலப்பொருளில் சர்க்கரையைக் கோத்துக் கசப்பே வராமல் செய்கிற ஒரு நொதியின் மரபணு ஓங்குகிறது. அதனால் முற்றாத காயின் சாறு கடுமையாகக் கசக்கும், முற்றிய பழத்தின் சாறு அவ்வளவு கசக்காது. விதையையும் வெள்ளைத் தோலையும் சேர்த்து நசுக்கினால் இந்தச் சோதனை கெட்டுவிடும், சுளையை மட்டும் பிழியுங்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் குடிக்க முடிந்தால் அந்த வாரமே பறிக்கலாம். முகம் சுளித்தால் இன்னும் மூன்று வாரம் விட்டு மறுபடி மூன்று பறித்துப் பாருங்கள்.